மூலக்கூறு மாதிரிப் பெட்டி: செல் சுவாசத்தில் அணுக்களைப் பின்தொடர வாங்கலாமா?

பதினொன்றாம் வகுப்புத் தாவரவியலில் சுவாசித்தல் அலகைத் தொடங்கும் நாளில் நான் மாணவர்களிடம் கேட்கும் முதல் கேள்வி பல ஆண்டுகளாக மாறவில்லை: நாம் மூச்சில் இழுக்கும் ஆக்ஸிஜன் உடலுக்குள் போய் என்ன ஆகிறது? பெரும்பாலானோர் சற்றும் தயங்காமல் ‘கார்பன் டை ஆக்ஸைடாக மாறி வெளியே வருகிறது’ என்று எழுதித் தருகிறார்கள். குளுக்கோஸ் செல்லுக்குள் இரண்டாகப் பிளக்கப்படும் கிளைக்காலிசிஸின் பத்துப் படிகளையும் நொதிகளின் பெயரோடு ஒப்பிக்கும் மாணவியும் அதையேதான் எழுதுகிறாள். அந்த விடை தவறு. மூலக்கூறுகளின் பெயர்களை மனப்பாடம் செய்துவிட்டு, அவற்றுக்குள் இருக்கும் அணுக்கள் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று ஒருமுறைகூடப் பார்க்காததால்தான் இத்தவறு நேர்கிறது. கரும்பலகையில் எத்தனை முறை அம்புக்குறி போட்டு விளக்கினாலும் போகாத இந்தப் பிழையைக் கையால் தொட்டுப் பார்க்கும் ஒரு பொருள் போக்குமா என்று பார்க்கவே, வேதியியல் மாணவர்களுக்காக விற்கப்படும் உருண்டை, குச்சி மாதிரிப் பெட்டி ஒன்றைச் சென்ற ஆண்டு இணையத்தில் வாங்கினேன். என் வீட்டில் மாலையில் படிக்க வரும் பதினொரு பேரோடு ஓர் ஆண்டு பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன்.

விலை 1,150 ரூபாய். பெட்டிக்குள் கறுப்புக் கார்பன் 24, வெள்ளை ஹைட்ரஜன் 40, சிவப்பு ஆக்ஸிஜன் 16, நீல நைட்ரஜன் 8, பச்சைக் குளோரின் 8, மஞ்சள் சல்ஃபர் 4, ஊதாப் பாஸ்பரஸ் 4, ஒற்றைப் பிணைப்புக்கான குட்டைக் குச்சிகள் 60, இரட்டைப் பிணைப்புக்கு வளைக்கக்கூடிய நீளக் குச்சிகள் 20, குச்சியைப் பிடுங்க ஒரு சிறு நெம்புகோல் என்று எல்லாம் தனித்தனிப் பைகளில் இருக்கின்றன. இந்த நிறங்கள் விற்பவர் விருப்பத்துக்குத் தேர்ந்தெடுத்தவை அல்ல. 1865இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சொற்பொழிவாற்றிய ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹாஃப்மன், குரோக்கே விளையாட்டின் மரப்பந்துகளுக்கு நிறம் பூசி மூலக்கூறுகளைக் கட்டிக் காட்டியபோதே கார்பனுக்குக் கறுப்பு, ஹைட்ரஜனுக்கு வெள்ளை, ஆக்ஸிஜனுக்குச் சிவப்பு, நைட்ரஜனுக்கு நீலம் என்ற வழக்கம் தொடங்கிவிட்டது. அவர் கட்டியவை தட்டையான மாதிரிகள். கார்பனின் நான்கு பிணைப்புகளும் நான்முகியின் முனைகளை நோக்கி நிற்கின்றன என்ற கருத்து 1874இல் வான்ட் ஹாஃபும் லெபெலும் தனித்தனியாகச் சொன்ன பிறகே வந்தது. இப்பெட்டியின் கறுப்பு உருண்டைகளில் துளைகள் அந்தக் கோணத்திலேயே சரியாக இடப்பட்டுள்ளன. நான் பார்த்த சில மலிவான பெட்டிகளில் அப்படி இல்லை. ஆகவே வாங்கும் முன் முதலில் சோதிக்க வேண்டியது இதுதான்.

முதல் மாலையில் நாங்கள் கட்டியது ஒரு குளுக்கோஸ். எண் இடுவதற்கு எளிது என்பதால் வளைய வடிவத்தை விட்டு நேர்சங்கிலி வடிவத்தையே எடுத்துக்கொண்டோம். ஆறு கறுப்பு உருண்டைகளின் மீதும் ஒயிட்னரால் 1 முதல் 6 வரை எழுதினோம். பக்கத்தில் ஆறு ஆக்ஸிஜன் மூலக்கூறுகளை வைக்கப் போனபோது பெட்டியின் முதல் குறை வெளிப்பட்டது. குளுக்கோஸுக்கு ஆறு, மூச்சில் வரும் ஆறு மூலக்கூறுகளுக்குப் பன்னிரண்டு, ஆக மொத்தம் பதினெட்டுச் சிவப்பு உருண்டைகள் வேண்டும். பெட்டியில் இருப்பவை பதினாறு. கரிம வேதியியலை மனத்தில் வைத்துச் செய்த பெட்டி ஆதலால் கறுப்பும் வெள்ளையும் தாராளமாக இருக்கின்றன, உயிரியலுக்கு மிகவும் வேண்டிய சிவப்பு போதவில்லை. இரண்டு நீல உருண்டைகளுக்குச் சிவப்பு நகப்பூச்சு பூசி அன்றைக்குச் சமாளித்தோம். பூச்சு காய்வதற்குள் துளைக்குள் ஒழுகிவிட்டால் குச்சி நுழையாது. ஈர்க்குச்சியால் துளையைத் துடைத்துவிட்டுக் காயவைக்க வேண்டும்.

மூச்சில் வந்த பன்னிரண்டு ஆக்ஸிஜன் உருண்டைகளை மட்டும் அடையாளம் தெரிவதற்காக ஒயிட்னரால் ஒரு புள்ளி வைக்கச் சொன்னேன். புள்ளி வைத்த ஆக்ஸிஜன் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில், எலக்ட்ரான் கடத்து சங்கிலியின் கடைசியில், நான்கு எலக்ட்ரான்களையும் நான்கு புரோட்டான்களையும் பெற்று இரண்டு நீர் மூலக்கூறுகளாகிறது. அதற்கு வேறு எங்கும் வேலை இல்லை. ஆகவே புள்ளி உள்ளவை அனைத்தும் நீருக்குள்ளேயே போக வேண்டும் என்று சொல்லிவிட்டு, பாடப்புத்தகங்களில் பொதுவாகக் காணும் சுருக்கச் சமன்பாட்டின்படி ஆறு கார்பன் டை ஆக்ஸைடும் ஆறு நீரும் கட்டச் சொன்னேன். சற்று நேரத்தில் கடைசி வரிசையில் இருந்த மாணவி கையை நிறுத்திவிட்டாள்.

“டீச்சர், ஆறு தண்ணிக்கு ஆறு ஆக்ஸிஜன்தான் வேணும். புள்ளி வச்சது பன்னெண்டு இருக்கே. மீதி ஆறை எங்க வைக்கிறது?”

“நீயே சொல்லும்மா, எங்க வைக்கலாம்?”

“கார்பன் டை ஆக்ஸைடுலதான் இடம் இருக்கு. ஆனா அங்க வைக்கக் கூடாதுன்னு இப்பத்தானே சொன்னீங்க?”

அந்தப் பெண் எழுப்பிய கேள்வி அந்த அலகின் மையத்திலேயே இருக்கிறது. ஒரு குளுக்கோஸ், ஆறு ஆக்ஸிஜன், அவற்றிலிருந்து ஆறு கார்பன் டை ஆக்ஸைடு, ஆறு நீர் என்ற சுருக்கச் சமன்பாடு எண்ணிக்கையில் சரியானது. ஆனால் எந்த அணு எங்கே போகிறது என்று கேட்டால் அது தவறான வழியைக் காட்டுகிறது. உண்மையில், கார்பன்களைக் கார்பன் டை ஆக்ஸைடாகக் கழற்றும் கிரப்ஸ் சுழற்சி வெளியிலிருந்து நீரை உள்ளே எடுத்துக்கொள்கிறது. ஆகவே இடப்பக்கத்தில் ஆறு நீரையும் வலப்பக்கத்தில் பன்னிரண்டு நீரையும் எழுதினால்தான் கணக்கு நேராகும்: மூச்சில் வந்த பன்னிரண்டு ஆக்ஸிஜன் அணுக்களும் பன்னிரண்டு நீருக்குள் போகின்றன; கார்பன் டை ஆக்ஸைடில் உள்ள பன்னிரண்டும் குளுக்கோஸின் பக்கமிருந்தும் உள்ளே எடுத்த நீரின் பக்கமிருந்தும் வருகின்றன. ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டில் இடப்பக்கம் பன்னிரண்டு நீர் எழுதுவதை இவர்கள் முந்தைய அலகில் படித்தவர்கள்தாம். தாவரம் வெளியிடும் ஆக்ஸிஜன் நீரிலிருந்தே வருகிறது என்பதை 1941இல் ரூபனும் கேமனும் அவர்களுடைய சக ஆய்வாளர்களும் ஆக்ஸிஜன்–18 ஐசோடோப்பைக் கொண்டு காட்டியதையும் படித்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள் என்று அதுவரை அவர்களுக்குத் தோன்றவில்லை. நானும் அதற்கு முன் அதை அவ்வளவு தெளிவாகச் சொல்லிக் கொடுத்ததில்லை.

முழுச் சமன்பாட்டுக்கு இருபத்து நான்கு சிவப்பும் இருபத்து நான்கு வெள்ளையும் வேண்டும். ஒரு பெட்டியால் அது முடியாது. பக்கத்து ஊரில் வேதியியல் நடத்தும் நண்பரிடம் இருந்த இதே பெட்டியை இரவல் வாங்கி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழுக் கணக்கையும் மேசைமேல் முடித்தோம். இந்த ஒரு பாடத்துக்காக வாங்க நினைப்பவர்கள் இருவராகச் சேர்ந்து இரண்டு பெட்டிகள் வாங்குவதே நல்லது.

நீளக் குச்சிகளிலும் இதே தட்டுப்பாடு உண்டு. ஒரு கார்பன் டை ஆக்ஸைடில் இரண்டு இரட்டைப் பிணைப்புகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு குச்சிகள். ஆறு மூலக்கூறுகளுக்கு இருபத்து நான்கு தேவைப்பட, பெட்டியில் இருபதுதான் இருக்கின்றன. சைக்கிள் கடையில் வால்வு டியூப் வாங்கி, விரற்கடை நீளத்துக்கு நறுக்கித் துளையில் அழுத்திச் செருகினால் அது உறுதியாக நிற்கிறது. 1972இல் மத்தியப் பிரதேசத்தில் தொடங்கிய ஹோசங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தோடு தொடர்புடையவர்கள் தீக்குச்சியையும் வால்வு டியூப்பையும் கொண்டு எத்தனையோ வடிவங்களைப் பிள்ளைகளைக் கட்ட வைத்தார்கள். அந்த டியூப் இன்றும் பயன்படுகிறது.

இனி கார்பன்களுக்கு வருகிறேன். இப்பெட்டிக்குக் கொடுத்த விலை எனக்கு முழுமையாகத் திரும்பி வந்தது இந்த இடத்தில்தான். குளுக்கோஸின் மூன்றாம் கார்பனுக்கும் நான்காம் கார்பனுக்கும் இடையிலுள்ள குச்சியை நெம்புகோலால் பிடுங்கினால் 1, 2, 3 ஒரு துண்டாகவும் 4, 5, 6 ஒரு துண்டாகவும் பிரிகின்றன. இரண்டுமே பைருவிக் அமிலமாகின்றன. ஆனால் ஒன்றின் எண் வரிசை மற்றதன் தலைகீழ். 3, 4 என்ற எண்கள் கார்பாக்ஸில் (அமிலத் தொகுதி) முனைக்கும், 2, 5 என்ற எண்கள் நடுவிலுள்ள கீட்டோ கார்பனுக்கும், 1, 6 என்ற எண்கள் மெத்தில் முனைக்கும் வந்து சேர்கின்றன. பைருவிக் அமிலம் ஒரு கார்பனை இழந்து, கிரப்ஸ் சுழற்சிக்குள் இரு கார்பன் துண்டைச் சுமந்து செல்லும் அசிட்டைல் கோஎன்சைம் ஏ ஆகும்போது முதலில் உடலைவிட்டுக் கிளம்பும் கார்பன் எது என்று கேட்டால், ஓரத்தில் இருப்பதால் 1 அல்லது 6 என்றே எல்லாரும் சொல்வார்கள். உண்மையில் முதலில் போவன சங்கிலியின் நடுவில் இருந்த 3, 4 இரண்டும்தான். எண் எழுதிய உருண்டையைக் கையில் வைத்திருப்பவருக்கு இதை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. ஈஸ்ட்டின் ஆல்கஹால் நொதித்தலில் வெளியேறும் கார்பன் டை ஆக்ஸைடும் இதே 3, 4 கார்பன்கள்தாம். 24 உருண்டைகள் கொண்ட குளுக்கோஸைப் பிரித்து, ஒன்பது உருண்டைகள் வீதம் இரண்டு எத்தில் ஆல்கஹாலும், மூன்று வீதம் இரண்டு கார்பன் டை ஆக்ஸைடும் கட்டினால் மேசைமேல் ஒன்றுகூட மிஞ்சாது. ஆக்ஸிஜன் மூலக்கூறு ஒன்றுகூட அதற்குத் தேவைப்படாது.

அன்று ஒரு மாணவன், “அப்ப இட்லி மாவு பொங்குறதும் மூணாவது, நாலாவது கார்பன்தானா டீச்சர்?” என்று கேட்டான். இட்லி மாவில் முக்கியமாக வேலை செய்யும் லியூகோநாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்ற பாக்டீரியம் கிளைக்காலிசிஸ் வழியில் போவதில்லை; குளுக்கோஸின் முதல் கார்பனையே நேராக வெட்டிக் கார்பன் டை ஆக்ஸைடாக்கிவிட்டு, மீதி ஐந்து கார்பன்களிலிருந்து லாக்டிக் அமிலத்தையும் ஆல்கஹாலையும் செய்கிறது. இது தேர்வுக்குத் தேவைப்படாது என்றாலும், வெளியே வரும் வாயு ஒன்றாகவே இருந்து அது வந்த இடம் வேறாக இருக்கலாம் என்பதை அவன் புரிந்துகொள்ளட்டும் என்று இரண்டாவது குளுக்கோஸ் ஒன்றைக் கட்டி முதல் எண் உருண்டையைப் பிடுங்கிக் காட்டினேன்.

கிரப்ஸ் சுழற்சிக்குப் போனால் பெட்டியின் அருமை இன்னும் கூடுகிறது. கோஎன்சைம் ஏ மிகப் பெரிய மூலக்கூறு. அதைக் கட்ட இந்தப் பெட்டி போதாது. எனவே ஒரு மஞ்சள் சல்ஃபர் உருண்டையை அதன் இடத்தில் வைத்துக்கொண்டோம். உண்மையிலும் அசிட்டைல் தொகுதி பிடித்துக்கொள்வது அதன் சல்ஃபரைத்தான். எண் எழுதாத நான்கு கறுப்பு உருண்டைகளால் ஆக்சலோ அசிட்டிக் அமிலம் கட்டி, அதனோடு 1, 2 எண்ணிட்ட அசிட்டைல் துண்டை இணைத்துச் சிட்ரிக் அமிலமாக்கினோம். ஒரு சுற்றில் இரண்டு கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறுகிறது என்று புத்தகம் சொல்வதால், உள்ளே வந்த அந்த இரண்டு கார்பன்களே வெளியே போகின்றன என்று மாணவர்கள் நினைத்துவிடுகிறார்கள். படிப்படியாகப் பிரித்துக்கொண்டே போனால் கையில் கழன்று வருபவை இரண்டும் எண் இல்லாத உருண்டைகள். உள்ளே வந்த 1, 2 இரண்டும் சக்சினிக் அமிலத்தில் அப்படியே இருக்கின்றன.

சக்சினிக் அமிலத்தை நான் ஒவ்வொரு வகுப்பிலும் நின்று நிதானமாக நடத்துகிறேன். எண்கள் எழுதாத சக்சினிக் அமிலம் ஒன்றைத் தனியாகக் கட்டி, ஒரு மாணவியைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, அதை முன்பின்னாகத் திருப்பி வைத்துவிட்டு, கண்ணைத் திறந்ததும் திருப்பினேனா இல்லையா என்று கேட்பேன். அவளால் சொல்ல முடியாது. அதைப் பிடிக்கும் நொதியாலும் அதன் இரண்டு முனைகளையும் வேறுபடுத்த முடியாது. ஆகவே இந்தப் படிக்குப் பிறகு எந்த எண் எந்த முனையில் நிற்கும் என்பதற்கு ஒரு நாணயத்தைச் சுண்டி முடிவு செய்கிறோம். இரண்டாம் சுற்றுக்குப் போனால், நாணயம் எப்படி விழுந்தாலும் 2 என்ற எண் கார்பாக்ஸில் முனையில்தான் இருக்கும். அந்தச் சுற்றில் அது வெளியேறிவிடும். 1 என்ற எண் இரண்டு சுற்றுகளிலும் தப்பிவிடும். மூன்றாம் சுற்றில் அது வெளியேறும் வாய்ப்பு பாதி; அப்போதும் தப்பினால் அடுத்த சுற்றிலும் பாதி. எங்கள் மேசையில் ஒருமுறை அந்த உருண்டை ஆறாம் சுற்றுவரை தங்கிவிட்டது. கதிரியக்கக் கார்பனால் குறியிட்ட குளுக்கோஸைப் பற்றிக் கேட்கும் கேள்விகள் ஒலிம்பியாட் போன்ற தேர்வுகளில் வருகின்றன. பலர் அவற்றைத் தொடாமலே விட்டுவிடுகிறார்கள். நாணயம் சுண்டிய பிள்ளைகளுக்கு அந்த அச்சம் இல்லை.

சக்சினிக் அமிலத்துக்கு இருக்கும் அந்தச் சமச்சீர் சிட்ரிக் அமிலத்துக்கும் உண்டே, அங்கே ஏன் கார்பன்கள் கலந்துவிடுவதில்லை என்று நல்ல மாணவர் ஒருவர் கேட்கத்தான் செய்வார். இதே கேள்வி 1940களில் ஆய்வாளர்களையும் தடுமாற வைத்தது. குறியிட்ட கார்பன் டை ஆக்ஸைடைக் கொண்டு செய்த சோதனைகளில், குறி ஆல்ஃபா கீட்டோகுளுட்டாரிக் அமிலத்தின் ஒரு முனையில் மட்டுமே தென்பட்டது. இரண்டு ஒரே மாதிரிக் கைகள் கொண்ட சிட்ரிக் அமிலம் நடுவில் வந்திருந்தால் குறி இரண்டு முனைகளிலும் பரவியிருக்க வேண்டும் என்று நினைத்து, சிட்ரிக் அமிலம் அந்தச் சுழற்சியின் பாதையிலேயே இல்லை என்று பலர் முடிவு கட்டினார்கள். 1948இல் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் அதற்கு விடை சொன்னார்: நொதி ஒரு மூலக்கூறை மூன்று புள்ளிகளில் பிடித்தால், ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு கைகளில் ஒன்றை மட்டுமே அது ஏற்கும். இதைச் செய்து பார்க்க ஒரு வெள்ளைத்தாள் போதும். சிட்ரிக் அமிலத்தின் நடுக் கார்பனிலிருந்து கிளம்பும் ஹைட்ராக்ஸில், கார்பாக்ஸில், ஒரு கை ஆகிய மூன்றும் தாளைத் தொடும்படி வைத்து, தொடும் இடங்களில் பெயர் எழுதிக்கொள்ளுங்கள். இப்போது மற்றக் கையைக் கீழே கொண்டுவந்து, ஹைட்ராக்ஸிலும் கார்பாக்ஸிலும் தத்தம் இடத்தில் உட்காரும்படி வைத்துப் பாருங்கள். எத்தனை விதமாகத் திருப்பினாலும் உட்காராது. தொலைபேசிச் செயலியில் முப்பரிமாணப் படத்தைச் சுழற்றிப் பார்ப்பதில் இந்த அனுபவம் கிடைப்பதில்லை. அங்கே ஓர் அணுவை அழித்துவிட்டு வேறொன்றைச் சேர்ப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. மேசைமேல் ஓர் உருண்டை காணாமல் போனால் எல்லாரும் குனிந்து தேட வேண்டியிருக்கிறது.

வெளிவரும் கார்பன் டை ஆக்ஸைடுக்கும் செலவாகும் ஆக்ஸிஜனுக்கும் உள்ள விகிதமான சுவாச ஈவை நடத்தவும் இது நன்றாக உதவுகிறது. ஆக்ஸாலிக் அமிலத்தில் இரண்டு கார்பனுக்கு நான்கு ஆக்ஸிஜன் ஏற்கெனவே இருக்கிறது; அப்படி இரண்டு மூலக்கூறுகளை முழுவதும் பிரிக்க ஒரே ஓர் ஆக்ஸிஜன் மூலக்கூறு போதும்; வெளியே வருவது நான்கு கார்பன் டை ஆக்ஸைடு; ஈவு 4. மாலிக் அமிலத்துக்கு மூன்று ஆக்ஸிஜனுக்கு நான்கு கார்பன் டை ஆக்ஸைடு, ஈவு 1.33. கொழுப்பில் சிவப்பு மிகக் குறைவு, வெள்ளை ஏராளம் என்பதால் வெளியிலிருந்து நிறைய ஆக்ஸிஜன் தேவைப்பட்டு ஈவு 0.7க்கு இறங்குகிறது. டிரைபால்மிட்டினில் கார்பன் மட்டும் 51 இருப்பதால் அதை இப்பெட்டியால் கட்ட முடியாது; ஒரு வால் பகுதியைக் கட்டிக் காட்டினால் போதுமானது.

இந்தப் பெட்டியால் இயலாதது எது என்பதையும் வாங்குபவர்கள் அறிந்திருக்க வேண்டும். எலக்ட்ரான் கடத்து சங்கிலியில் நகர்பவை எலக்ட்ரான்களும் புரோட்டான்களும். ஒரு வெள்ளை உருண்டை ஹைட்ரஜன் அணுவாக இருப்பது எப்போது, புரோட்டானாக இருப்பது எப்போது என்று இதில் காட்ட வழியில்லை. நாங்கள் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் ஹைட்ரஜனைச் சுமந்து செல்லும் துணைநொதியின் பெயரான ‘என்ஏடி’ என்று எழுதி, கழற்றிய வெள்ளை உருண்டைகளை இரண்டிரண்டாக அதில் போட்டு வைத்தோம். இன்னொரு சிறு கிண்ணம் அதே வேலையைச் செய்யும் ‘எஃப்ஏடி’க்கு. பத்து ஜோடி முதல் கிண்ணத்திலும் இரண்டு ஜோடி அடுத்ததிலும் சேர்ந்து இருபத்து நான்கு வருவதைப் பார்த்தபோது, குளுக்கோஸின் பன்னிரண்டும் உள்ளே எடுத்த ஆறு நீரின் பன்னிரண்டும் அங்கே வந்துவிட்டன என்பது தெளிவாகத் தெரிந்தது. அதற்கு மேல் 1961இல் பீட்டர் மிட்செல் முன்வைத்த புரோட்டான் சரிவையும் (சவ்வின் இருபுறமும் புரோட்டான் அளவு வேறுபடுவது), செல் சக்தியைச் செலவழிக்கும் வடிவமான ஏடிபி உருவாவதையும் விளக்கக் கரும்பலகைக்குத்தான் திரும்ப வேண்டும். ஏடிபி எண்ணிக்கை 36 அல்லது 38 என்ற பழைய கணக்கும் 30 முதல் 32 வரை என்ற பிற்காலக் கணக்கும் ஏன் வேறுபடுகின்றன என்பதற்கும் இந்தப் பெட்டியில் விடை இல்லை.

இதைவிடக் கவனம் தேவைப்படும் இடம் ஒன்று இருக்கிறது. சுருக்கச் சமன்பாட்டைக் கட்டி முடித்த அன்று, தொடங்கும்போது இருந்த 36 உருண்டைகளும் முடிவிலும் 36 ஆகவே மேசைமேல் இருப்பதை எண்ணிப் பார்த்துவிட்டு, “அப்ப சர்க்கரை எதுவும் சக்தியா மாறவே இல்லையா?” என்று பிள்ளைகள் கேட்டார்கள். மாறவில்லை. 180 கிராம் குளுக்கோஸும் 192 கிராம் ஆக்ஸிஜனும் சேர்ந்தால் 264 கிராம் கார்பன் டை ஆக்ஸைடும் 108 கிராம் நீரும் கிடைக்கின்றன, இருபுறமும் 372. இதைப் பெட்டி அழகாகக் காட்டுகிறது. ஆனால் உடனே, ‘அப்படியானால் சக்தி அந்தக் குச்சிகளுக்குள் இருந்தது, பிடுங்கியபோது வெளியே வந்தது’ என்ற எண்ணமும் அவர்கள் மனத்தில் முளைத்துவிடுகிறது. அது தவறு. பிணைப்பை உடைக்கச் சக்தி செலவாகும். குச்சியைப் பிடுங்க விரல் எவ்வளவு சிரமப்படுகிறது என்பதையே இதற்கு உதாரணமாகச் சொல்கிறேன். நீரிலும் கார்பன் டை ஆக்ஸைடிலும் உறுதியான புதிய பிணைப்புகள் உருவாகும்போது வெளிப்படும் சக்தி, பழையவற்றை உடைக்கச் செலவான சக்தியைவிட அதிகம். அந்த மிகுதிதான் செல்லுக்குக் கிடைக்கிறது. இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் மாணவர் தனியாக இப்பெட்டியோடு உட்கார்ந்தால் தவறான கருத்து ஒன்று வேரூன்றிவிடும் அபாயம் இருக்கிறது.

நுணுக்கமாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. குளுக்கோஸின் ஆறு ஆக்ஸிஜன்களும் கார்பன் டை ஆக்ஸைடுக்கே போகின்றன என்பதும் முழுமையான உண்மையன்று. கிளைக்காலிசிஸின் ஒன்பதாம் படியில் ஈனோலேஸ் நொதி நீரை நீக்கும்போது 1, 6 ஆகிய கார்பன்களோடு இருந்த ஆக்ஸிஜன்கள் நீராகக் கழன்றுவிடுகின்றன. அதற்கு முன்பே பாஸ்பேட்டிலிருந்து ஓர் ஆக்ஸிஜன் ஒவ்வொரு துண்டின் கார்பாக்ஸிலுக்குள்ளும் வந்து சேர்ந்திருக்கிறது. கிரப்ஸ் சுழற்சியிலும் ஒரு சுற்றுக்கு இரண்டு நீர் நேரடியாகவும், மூன்றாவது நீருக்கு ஈடான ஆக்ஸிஜன் சக்சினைல் படியில் பாஸ்பேட் வழியாகவும் உள்ளே வருகின்றன. பள்ளித் தேர்வும் நீட் தேர்வும் இந்த ஆழத்துக்குப் போவதில்லை. ஊதா உருண்டைகள் நான்கே இருப்பதால், ஒரு நேரத்தில் ஒரு மூன்று கார்பன் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு இதைச் செய்து பார்க்கலாம்.

உடன் வந்த விளக்கத்தாள் முழுவதும் ஆங்கிலம். மீத்தேன், பென்சீன், எத்தனால் என்று வேதியியல் உதாரணங்களைத் தாண்டி உயிரியலுக்கு ஒரு வரிகூட அதில் இல்லை. நெம்புகோலின் முனை மூன்றே மாதத்தில் மழுங்கிவிட்டது. இப்போது சிறிய இடுக்கியால் பிடுங்குகிறோம். உருண்டைகளில் ஓர் ஆண்டில் விரிசல் எதுவும் விழவில்லை. எனக்கு வந்த பெட்டியில் வெள்ளை உருண்டைகளின் பை ஒன்று விடுபட்டிருந்தது. விற்பனையாளருக்குப் படத்தோடு எழுதியபின் ஒன்பதாம் நாள் அனுப்பிவைத்தார்கள். வந்தவுடன் எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துவிடுங்கள். வெள்ளை உருண்டைகள் தொண்டையில் சிக்கும் அளவுக்குச் சிறியவை. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் பெட்டியை மூடிப் பரண்மேல் வைப்பது அவசியம்.

இவ்வளவு பணம் செலவிட முடியாதவர்களுக்கு, ஊறவைத்த கறுப்புக் கொண்டைக்கடலையைக் கார்பனாகவும், வெள்ளைக் கொண்டைக்கடலையை ஹைட்ரஜனாகவும், மஞ்சள்தூளும் சுண்ணாம்பும் கலந்து செந்நிறமாக்கிய வெள்ளைக் கொண்டைக்கடலையை ஆக்ஸிஜனாகவும் வைத்துப் பல்குத்தும் குச்சியால் கோக்கும் முறையை நானே பல ஆண்டுகள் பின்பற்றியிருக்கிறேன். அணுக்களை எண்ணவும் 3, 4 கார்பன்கள் முதலில் போவதைக் காட்டவும் அது போதும். ஐம்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும். கோணங்கள் சரியாக வராததால் ஆக்ஸ்டனின் மூன்று புள்ளிச் சோதனை மட்டும் அதில் முடியாது. இரண்டு நாளில் கடலை முளைவிட்டுவிடும் என்பதால் ஒரே அமர்வில் முடித்துவிட வேண்டும்.

பள்ளி ஆய்வகத்துக்கோ நான்கைந்து பேர் சேர்ந்து படிக்கும் குழுவுக்கோ இந்தப் பெட்டியைத் தயக்கமின்றி வாங்கச் சொல்வேன். தேர்வுக்கு ஒரு மாதமே இருக்கும் நிலையில் தனியாகப் படிக்கும் மாணவர் வாங்க வேண்டாம். முதல் குளுக்கோஸைத் தவறின்றிக் கட்டிப் பழகவே இரண்டு மூன்று மாலைகள் ஆகிவிடும். ஜூன், ஜூலையில் வாங்கினால் ஒளிச்சேர்க்கை அலகுக்கும் சேர்த்துப் பயன்படுத்தலாம். அங்கே இதே கறுப்பு உருண்டைகள் எதிர்த்திசையில் பயணம் செய்கின்றன. ஒயிட்னரில் எழுதிய எண்கள் கை வியர்வையில் அழிந்துவிடுகின்றன. நாங்கள் இந்த ஆண்டு வெள்ளை நகப்பூச்சால் எழுதி, ஒருநாள் முழுவதும் காயவிட்டு, அதன் பிறகே பிள்ளைகள் கையில் கொடுக்கிறோம்.